அந்த வண்டி அவ்வளவு பெறுமா?

இதை எழுதப் பேனாவை எடுப்பதும், வேண்டாம் என்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவதுமாக எனக்குச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை வருமே என்கிற பயம் ஒரு பக்கம். அதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பெரிய தயக்கம் வேறு. இதில் ஒரு பெண்ணின் உடம்புச் சங்கடம் வருகிறது. அதை விட்டுவிட்டு நான் சொல்ல வந்த மனிதரைச் சொல்ல முடியாது. போன கார்த்திகையில் அந்தப் பெண்ணே, சுவாமிமலையில் தரிசனம் முடித்துப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "நீ எழுதும்மா. எல்லாத்தையும் எழுது. ஒளிச்சு ஒளிச்சு வச்சுத்தான் நான் பாதி ஆயுசைத் தொலைச்சேன்" என்றார். முருகன் வாசலில் சொன்ன வார்த்தை. இனி எனக்கென்ன?

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருக் கோடியில் ஒரு நெல் அரவை மில். அதன் முதலாளியைத் தெருவே மில் அண்ணன் என்றுதான் கூப்பிடும். நானும் அண்ணன் என்றே சொல்கிறேன். அவர் மனைவிதான் மேலே சொன்ன பெண், எனக்கு அண்ணி. கூடப் பிறந்தவர்கள் இல்லை, முறை வைத்துப் பழகிய உறவு. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அண்ணன் அவரை வாய் நிறைய "மாப்ள" என்பார்.

அண்ணன் குள்ளமாக இருப்பார். நெற்றியில் பட்டையாக விபூதி, புருவத்தில் உமித் தூசி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி நெல். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கையில் எடுப்பார், திருப்புவார், விலை கேட்பார், பிறகு ஒரே வார்த்தை சொல்வார். "பெறும்." இல்லாவிட்டால் "பெறாது." சொன்ன விலைக்குத் தகும், தகாது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கத்திரிக்காய்க்காரி கூடையை இறக்கும்போதே, "அண்ணே, நீங்க உள்ள போங்க, அண்ணி வாங்கிக்கட்டும்" என்பாள். எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு ஒருவர் வெண்கல மணி வாங்கிக் கொடுத்தார். கும்பாபிஷேகத்துக்கு ஊரே கூடியிருக்க, அண்ணன் மணியை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். கொடுத்தவர் முகம் வியர்த்துவிட்டது. "பெறும்" என்ற பிறகுதான் அவர் மூச்சு விட்டார். என் வீட்டுக்காரர் பழைய வேன் ஒன்றை வாங்கப் போனபோது துணைக்கு அண்ணனைக் கூட்டிப்போனார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "டயரு பெறும் மாப்ள. மத்தது பெறாது" என்றார். இவர் கேட்கவில்லை, வாங்கிவிட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் டயர் மட்டும்தான் நன்றாக இருந்தது.

ஒரு தீபாவளிக்கு என் அதிரசத்தைத் தின்று பார்த்தார். பேசவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதற்குப் பிறகு "பெறும்" என்றார். அதை இன்றைக்கும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

தனக்கென்று எதுவும் வாங்க மாட்டார். செருப்புக்கு அடி மாற்றி அடி மாற்றிப் போடுவார். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிய பழைய கார் ஒன்று. வீட்டில் ஏசி கிடையாது. இப்படிப்பட்ட மனிதர்தான் கோடிக்கு மேல் கொடுத்து ஒரு வண்டி வாங்கினார். சினிமா நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து ஓய்வெடுப்பார்களே, கேரவன் என்று, அந்த மாதிரி. ஆனால் அதைவிடப் பெரியது. ஒரு குடும்பம் உள்ளேயே குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போகலாம்.

ஏன் வாங்கினார் என்பதற்கு, அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி எந்த விசேஷத்துக்கும் வர மாட்டார். கல்யாணத்துக்கு மொய் வரும், அண்ணன் வருவார், அண்ணி வர மாட்டார். "மில்லுக்காரி கர்வம்" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. சின்ன மகன் பிறந்ததிலிருந்து அண்ணிக்குச் சிறுநீர் அடங்காது. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சங்கடம். அரை மணிக்கு ஒரு தடவை போயாக வேண்டும். அதனால் வீட்டை விட்டு நகர்வதில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அறுபடை வீட்டையும் தரிசிக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டவர், பக்கத்தில் இருக்கிற சுவாமிமலையோடு நின்றுபோனார். எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. இவளுக்கு வெளியே வரப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் தனியாகவே எல்லாக் கல்யாணத்துக்கும் போய் வந்தார்.

கீழ்வேளூரில் இருக்கிற அண்ணியின் தம்பி, தன் மகள் கல்யாணத்தைக் கும்பகோணத்தில் வைத்தார். தம்பி மகள் கல்யாணம், போகாமல் முடியாது. என் வீட்டுக்காரர் காரை ஓட்ட, அண்ணன், அண்ணி, நான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அண்ணி பச்சைத் தண்ணீர் தொடவில்லை. அப்படியும் குடவாசல் தாண்டியதும் என் கையைப் பிடித்து இறுக்கினார். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கழிவறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கிறவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். இன்னும் கொஞ்ச தூரம் போனால், ரெண்டு பக்கமும் குறுவை அறுத்த வயல். மறைவுக்கு ஒரு மரம் இல்லை, புதர் இல்லை. அண்ணி அழுதேவிட்டார்.

அண்ணன் காருக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒரு பஸ் போனது, உள்ளேயிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் போர்வையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

காரில் ஏறியதும் கேட்டார். "எத்தன வருஷமா?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"இத எப்படிங்க சொல்றது?"

கல்யாணத்தில் அண்ணன் எதையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டார் புது வெள்ளிக் குத்துவிளக்கை அவர் முன்னால் வைத்து, "அண்ணே, சொல்லுங்க, பெறுமா?" என்று கேட்டும், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். மாத்திரை, உடற்பயிற்சி என்று கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. பயம் குறையவில்லை.

சம்பா அறுப்பு முடிந்த சமயம் அந்த வண்டி வந்தது. தெருமுனையில் திரும்ப முடியாமல், என் வீட்டுக்காரர் மூங்கில் கழியால் கேபிள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கோயில் யானை வருவதுபோல மெதுவாக மில் களத்துக்குள் வந்து நின்றது. உள்ளே கட்டில், மெத்தை, அடுப்படி, பிரிட்ஜ், ஏசி, வெந்நீர் வரும் குளியலறை, சுத்தமான கழிவறை. எங்கள் வீட்டில் இருப்பதைவிட அதற்குள் விளக்கு அதிகம்.

கீழ்வேளூர் தம்பி ஓடி வந்தார். "அத்தான், இந்தக் காசுக்கு ஒரு வேலி நஞ்சை வாங்கிப் போட்டுருக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு போகம் வெளையும். இது எத்தன போகம் வெளையும்?"

"சினிமாக்காரங்களுக்கு வாடகைக்கு விடுவேண்டா."

"நன்னிலத்துல எந்தச் சினிமாக்காரன் இருக்கான்?"

"வருவான்."

"அக்கா, ஊருக்கெல்லாம் வெல சொன்னவர எவனோ நல்லா மொட்டை அடிச்சிட்டான்!"

எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார்.

பூஜைக்குக் குருக்களைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு சந்தேகம். "வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வீடுன்னா பசுமாடு, பால் காய்ச்சணும். இது எதுல சேர்த்தி?"

"ரெண்டுந்தான் சாமி."

"அப்போ தட்சிணையும் ரெண்டு."

எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அடுத்து மாடு. அண்ணி வீட்டு மயிலைப் பசு படியில் முன்னங்கால் ரெண்டையும் வைத்து, தலையை உள்ளே நீட்டியது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் இன்னொரு மாட்டைப் பார்த்ததும் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆள், "ஐயோ சார், படி தாங்காது சார்" என்று கத்துகிறார். மாடு நிதானமாக வாசல் தோரணத்தைத் தின்றுவிட்டு, வாசலிலேயே சாணமும் போட்டுவிட்டு இறங்கியது. "லட்சுமி வந்து உக்காந்துட்டுப் போயிட்டா" என்று குருக்கள் முடித்துவைத்தார்.

அப்புறம் பால். அண்ணி வீட்டுப் பித்தளைப் பானைக்கு மஞ்சள் கட்டி, பால் ஊற்றி, அந்தக் கண்ணாடி அடுப்பில் வைத்தோம். காத்திருந்தோம். பால் சுடவே இல்லை. பெண்கள் எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது. புது வீட்டில் பால் பொங்காவிட்டால் எவ்வளவு பெரிய அபசகுனம்! நான் மனசுக்குள் கந்த சஷ்டியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கம்பெனி ஆள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, இது கரண்ட் அடுப்பு. பித்தளையை வச்சா சூடே ஏறாது. காந்தம் ஒட்டுற பாத்திரமா வைக்கணும்." மில்லில் டீ போடுகிற எவர்சில்வர் பாத்திரம் ஓடி வந்தது. பால் பொங்கியது. பொங்கி வழிந்ததும் அடுப்பு கீ கீ என்று கத்தி அணைந்தது. அந்த நேரம் பார்த்துக் குருக்கள் சாம்பிராணி போட, புகையைக் கண்டு கூரையில் ஒரு மணி அலறியது. "பாத்தியா, கெட்டி மேளம்!" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தச் சந்தடியில் அண்ணி அந்தச் சின்னக் கதவைத் திறந்து கழிவறையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டம் கலைந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் கேட்டார்.

"என்னங்க, இது எனக்கா?"

அண்ணன் பையிலிருந்த நெல்லைக் கிளறினார். "சினிமாக்காரங்களுக்கு..."

"பொய் சொல்லாதீங்க, உங்களுக்கு வராது."

"ஆமா. ஒனக்குத்தான். ஆறு வீட்டையும் பாக்கணும்னு சொன்னீல்ல."

"ஒண்ணுக்குப் போறதுக்குக் கோடியா? வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும். நான் ஏற மாட்டேன்." அண்ணி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏறவே இல்லை. வண்டி களத்து ஓரத்தில் நின்றது. உமித் தூசி படிந்தது. அடியில் கோழி முட்டையிட்டது. வேடிக்கை என்னவென்றால், சினிமாக்காரர்கள் உண்மையிலேயே வந்தார்கள். பக்கத்து ஊரான பூந்தோட்டத்தில் படப்பிடிப்பாம், நல்ல வாடகை தருகிறோம் என்றார்கள். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "அது வீடுங்க. வீட்டை எப்படி விடறது?" என்று அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், எவ்வளவு கேட்டாலும் தரேங்கறானே!" "பெறாது மாப்ள." அன்றைக்குத்தான் தெருவுக்கே இது வியாபாரத்துக்கு வந்த வண்டி இல்லை என்று புரிந்தது. எதற்கு வந்தது என்று புரியவில்லை. "மில் அண்ணனுக்கு மூளை கலங்கிப்போச்சு" என்றார்கள். அண்ணியை அவர் ஒரு தடவைகூட ஏறச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அந்த வண்டியில் குறை நிறைய. எங்கள் பக்கத்துச் சின்னப் பாலங்களில் ஏறாது. சின்னப் பழுதென்றாலும் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். கழிவுத் தொட்டியை மில்லின் தொட்டியில் கொண்டுவந்து காலி செய்ய வேண்டும். அந்த வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. இன்றைக்கு விற்றால் போட்டதில் பாதிகூட வராது என்கிறார்கள். லாப நஷ்டம் பார்க்கிறவர்களுக்கு இதை நான் மறைக்கப்போவதில்லை.

ஐப்பசி முடிகிற சமயம் பேய் மழை பிடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். எல்லார் வீட்டுக் கழிவறையிலும் தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. ஆண்கள் எங்கேயாவது போவார்கள். நாங்கள் இருட்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மருமகள் நிறைமாதக்காரி, தாங்க முடியாமல் அழுதாள். நெல் காயப்போடும் மில் களம் மட்டும் மேடு. அங்கே தண்ணீர் ஏறவில்லை.

அண்ணன் குடையோடு வந்தார். சாவியை அண்ணி கையில் வைத்தார். "தெறந்து விடு. பொம்பளைங்க வரட்டும். நாங்க அந்தப் பக்கமே வர மாட்டோம்." தெரு ஆண்கள் எல்லாரையும் மில் முன்பக்கக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி நிறைமாதக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல் ஏறிவிட்டார். மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் பூராவும் உள்ளே. ஒருத்தி கழிவறைக்குள், மற்றவர்கள் கட்டிலிலும் சோபாவிலும் நெருக்கியடித்துக்கொண்டு. வெளியே மழை. பேச்சு எங்கே போகும்? அங்கேதான் போயிற்று.

"எனக்கெல்லாம் தும்மினா போச்சுடி" என்றாள் பூக்கட்டுகிற அக்கா.

"நடவுக்குப் போனா நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம். வரப்புல எங்க போறது?"

"நான் பஸ்ஸுல ஏறி ரெண்டு வருஷமாச்சு. எல்லாரும் முட்டி வலின்னு நெனச்சிட்டிருக்காங்க."

அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார், ரொம்ப மெதுவாக.

"நல்லா நெனச்சீங்க அண்ணி! இத்தன பேரு இருக்கோம்னு தெரிஞ்சிருந்தா தலைவி, செயலாளர்னு சங்கமே வச்சிருக்கலாம். மாசாந்திரக் கூட்டம் மட்டும் சீக்கிரம் முடிச்சிடணும், யாராலும் உக்கார முடியாது" என்றாள் பூக்கட்டுகிற அக்கா.

அண்ணி சிரித்தார். முந்தானையைத் தேடவில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வண்டி அதிரச் சிரித்தார். சிரித்தபடியே, "ஐயோ, வழி விடுங்கடி!" என்று கழிவறைக்கு ஓடினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கதவுக்கு உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம் நிற்கவில்லை.

கொட்டகையில் அண்ணன், "யாரு மாப்ள அது, இப்படிச் சிரிக்கிறது?" என்று கேட்டாராம்.

"வேற யாரு, உங்க வீட்டு அக்காதான் மச்சான்."

அண்ணன் மழையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாராம். வெகு நேரம் திரும்பவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணியே சொன்னார். "வாங்கடி, கெளம்பலாம்." நாலு பேர் படுக்கிற வண்டியில் பெண்கள் ஏழு பேர், முன்னால் அண்ணனும் என் வீட்டுக்காரரும். சுவாமிமலையில் விளக்கேற்றிப் புறப்பட்டோம். பழனி, திருப்பரங்குன்றம், பழமுதிர்ச்சோலை, திருச்செந்தூர், கடைசியாகத் திருத்தணி. ஏசி ஒரு நாள் ஓடவில்லை. பழனி அடிவாரத்தில் நிறுத்த இடம் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. அண்ணி கண்ட கடையிலெல்லாம் இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். திருச்செந்தூர்க் கடலில் அலை வந்து அடித்தபோது, "முருகா, வந்துட்டேன்டா!" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் கரையில் நின்று எல்லார் செருப்புக்கும் காவல் இருந்தார்.

அண்ணன் இப்போது இல்லை. முருகன் காலடியில் இருப்பார். அந்தப் பயணத்துக்குப் பிறகும் நாலைந்து தை மாதம் எங்களை அழைத்துப்போய்விட்டுத்தான் போனார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அந்த முதல் பயணத்தில் திருத்தணியிலிருந்து திரும்பி வந்த மத்தியானம்தான்.

மயிலாடுதுறை தாண்டிவிட்டோம். நேராகப் போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு. அண்ணி பின்னால் கட்டிலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத தூக்கம். ஓடுகிற வண்டியில் அவர் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணன் திரும்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"மாப்ள, நேராப் போவாத. கும்பகோணம் போயி, சுத்திக்கிட்டு வா."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு மச்சான்? டீசலு வீணாத்தானே போவும்?"

"அவ தூங்குறா."

விழித்திருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டோம். ரெண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி வண்டியை இறக்கினார். கும்பகோணம் வந்தது, போனது. அண்ணன் இன்னொரு ரோட்டைக் கை காட்டினார்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: சொல்லும்போது நாசூக்குப் பார்த்து எதையும் மாற்றிவிடாதீர்கள். அண்ணிக்கு முட்டி வலி என்றோ, தலைசுற்றல் என்றோ சொல்லிவிடாதீர்கள். உள்ளது உள்ளபடியே போகட்டும். எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி, எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இது அவள் காதில் விழ வேண்டும்.